கடைசி நாலு கட்டம்

நிலத்தில் கடைசி நாலு கட்டம் ஆயம்மாள் அத்தைக்கு என்று சொன்னது சுபஸ்ரீ எழுதிய கணினி நிரல்தான். அதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படித்ததும் அவளேதான். படித்து முடித்ததும் பெரியப்பா வீரமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். அப்பா தங்கதுரை பெருமையாகச் செருமினார். அத்தை மட்டும் தரையில் கிடந்த மல்லாட்டைக் கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. சுபஸ்ரீக்குக் கோபம் வந்து சேர்ந்தது மதியம் மூன்று மணிக்கு. நடுவில் கழிந்த அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை நேரமும் அவள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

பகலில் அவளுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலை ஆறு முதல் எட்டு வரை, மருந்துக்கடை மாடியில் அன்புச்செல்வன் என்பவர் நடத்தும் வகுப்பு. கணினி நிரல் போட்டிகளுக்கான பயிற்சி அது. கேள்வியைப் படிக்க வேண்டும், வழி கண்டுபிடிக்க வேண்டும், நிரலாக எழுதிக் குறித்த நேரத்துக்குள் ஓட வைக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் சுபஸ்ரீ நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி எழுதுவாள். கேள்வி என்ன, நான் நினைத்தது என்ன, எங்கே தப்பினேன். மூன்றாவது பத்திதான் எப்போதும் நீளம். சரியாக வந்துவிட்ட கணக்குக்குக்கூட 'இது தற்செயலாக வந்திருக்கலாம்' என்று அதில் எழுதிவைப்பாள்.

போன வாரம் நடத்தியது பங்கு பிரிக்கும் கணக்கு. நீளமாக ஒரு பண்டம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஆளுக்கொரு மதிப்பு வைத்திருக்கிறார்கள். மூன்று பேருக்குப் பிரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் மதிப்புப்படி மூன்றில் ஒரு பங்காவது கிடைத்தாக வேண்டும். இரண்டு நாள் முட்டி மோதிய பிறகுதான் அவளுக்கு வழி பிடிபட்டது. ஒரு முனையிலிருந்து நட. யாருடைய கூட்டுத்தொகை முதலில் மூன்றில் ஒன்றைத் தொடுகிறதோ, அந்த இடத்தில் வெட்டி அவரிடம் கொடுத்து அனுப்பிவிடு. மற்ற இருவர் கண்ணிலும் அந்தத் துண்டு மூன்றில் ஒன்றைத் தாண்டியிருக்காது. ஆகவே மீதி அவர்களுக்குப் போதும். மறுபடி நட. அவ்வளவுதான். அந்தச் சுருக்கம் அவளுக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பார்த்துப் பெரியப்பா வந்திருந்தார்.

"பங்கு போடறதுக்குக் கூடவா பாடம் நடத்தறாங்க?" என்றார் வீரமுத்து. "அப்ப நம்ம நிலத்தயும் போட்டுக் குடேம்மா. மனுசன் போட்டா நொட்டை சொல்லுவாங்க. மிசினு போட்டா யாரு இன்னா சொல்றது? எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

வகுப்புக்குப் போகிறாள் என்பதற்காக இரண்டு வருடமாகக் கேலி பேசியவர் அவர். 'பொட்டி தட்டப் போறா' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அவரே இப்படிக் கேட்டதும் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. சரி என்றாள்.

நிலம் கச்சிராயபாளையத்துக்கு வெளியே, கோமுகி அணை வாய்க்காலை ஒட்டி, பட்டையாக நீண்டு கிடக்கும் மூன்று ஏக்கர். தாத்தா விட்டுப்போனது. பெரியப்பா, அப்பா, அத்தை மூன்று பேருக்கும் உரியது. வாய்க்கால் வந்து நுழையும் தலைமடையில் பூமி கறுப்பு, விதைத்தால் போதும். நடுவில் கிணறும் மோட்டாரும். கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் மேலே இருப்பவர்கள் கட்டிக்கொள்வார்கள். தை பிறந்தால் அங்கே மண் உப்புப் பூத்துவிடும். அத்தை புருஷனை இழந்து மணலூர்பேட்டையிலிருந்து திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகிறது. தலைமடையில் கால் ஏக்கரில் கத்தரி வைத்து, கூடையில் சுமந்து விற்று, மகள் அபிநயாவை எட்டாவது வரை கொண்டுவந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் பத்திரப் பதிவுக்குப் போவதாக ஏற்பாடு.

சுபஸ்ரீ முறைப்படிதான் செய்தாள். மூன்று சார்ட்டில் நிலத்தைப் படமாக வரைந்து, கால் ஏக்கருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டம் போட்டாள். ஆளுக்கு நூற்றிருபது மல்லாட்டை எண்ணிக் கொடுத்தாள். எந்தக் கட்டம் தனக்கு எவ்வளவு முக்கியமோ அதில் அவ்வளவு வைக்க வேண்டும். வைத்து முடித்ததும் எண்ணி எழுதி, கீழே அவரவர் கையெழுத்தும் வாங்கினாள்.

பெரியப்பா கட்டத்துக்குப் பத்து வீதம் வைத்தார். "நான் ஓரவஞ்சனை பண்ண மாட்டேன்" என்றார். அப்பா தலைமடை நாலுக்கும் எட்டெட்டு வைத்து, கிணறு இருக்கும் இடத்தைச் சுற்றிக் குவித்து, கையில் மீந்ததைக் கடைசி நாலில் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கொட்டினார். அத்தை முதல் எட்டுக் கட்டத்தில் இரண்டும் மூன்றுமாக இருபது வைத்தாள். மீதி நூறையும் கடைசி நாலு கட்டத்தில் இருபத்தைந்து இருபத்தைந்தாக வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

நிரல் நடந்தது. முதல் நாலு கட்டத்திலேயே பெரியப்பாவுக்கு நாற்பது சேர்ந்தது, தலைமடை அவருக்கு. அடுத்த நாலில் அப்பாவுக்கு நாற்பது, கிணறு அவருக்கு. மீந்தது அத்தைக்கு. வீரமுத்து நாற்பது, தங்கதுரை நாற்பது, ஆயம்மாள் நூறு என்று திரையில் வந்தது. எல்லோரையும்விட அத்தைக்குத்தான் ஜாஸ்தி என்று சுபஸ்ரீ பெருமையோடு சொன்னாள். அந்த வாக்கியம் தன் வாயிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

மூன்று மணிக்கு நோட்டில் இரண்டாவது பத்தியை எழுதும்போதுதான் கவனித்தாள். அத்தையின் கத்தரித் தோட்டம் இருப்பது இரண்டாவது கட்டத்தில். ஆறு வருஷம் அவளுக்குச் சோறு போட்ட அந்தக் கட்டத்தில் அத்தை வைத்திருந்தது இரண்டே இரண்டு மல்லாட்டை.

நோட்டை மூடாமலே எழுந்து போனாள். அத்தை கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, இன்னாத்துக்கு அப்பிடி வச்ச?"

"எப்பிடி வச்சேன்?"

"கடைமடையில நூறு வச்சியே. அங்க இன்னா வெளையும்? உனக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா? ஆறு வருசமா பாத்துக்கினுதான இருக்கேன்." அத்தை மண்வெட்டியை ஊன்றி நின்றாள். "அண்ணனுங்க ரெண்டு பேரும் எதிர்ல குந்திக்கினு இருக்காங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா தலைமடை வேணும், கிணறு வேணும்னு கொட்டையக் குவிக்கச் சொல்றியா? நாளைக்கு அபிநயாவுக்கு ஒரு நல்லதுன்னா மாமன் சீரு யாரு எடுத்தாருவா? உன் கம்பியூட்டரா?"

"அப்ப முன்னாடியே எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"நீ எங்க கேட்ட? சார்ட்டு குடுத்த, மல்லாட்டை குடுத்த, வைன்ன. வச்சேன். உங்க பெரியப்பனுக்குத் தெரியும், நான் இப்பிடித்தான் வைப்பேன்னு. அதான மிசினுகிட்ட வுட்டாரு." சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். "போ. போய் வேலையப் பாரு. வந்தது வந்துச்சி."

சுபஸ்ரீக்கு யார் மேல் முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. பெரியப்பா மேல் வந்தது. அவரை நம்பிய தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது. வாயைத் திறக்காத அத்தை மேலும் வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க அத்தைக்கு நூறுன்னு நீதான படிச்ச? அவளே சந்தோசமா வாங்கிக்கினா. நடுவுல நீ இன்னாத்துக்கு எகிர்ற?"

"கிணறு உங்க பங்குல வந்துடுச்சி. அதான் உங்களுக்கு எகிறத் தோணல."

சொன்னதும் அப்பா திரும்பிப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அன்புச்செல்வன் வேறு பாடத்துக்குப் போயிருந்தார். சுபஸ்ரீ எழுந்து நின்றாள்.

"சார், போன வாரக் கணக்குல ஒருத்தர் பொய்யா மதிப்பு குடுத்தா இன்னா பண்றது?"

"இன்புட் சரியா இருக்கும்னு கேள்வியிலயே உத்தரவாதம் குடுத்துடுவாங்கம்மா. நீ அதப் பத்திக் கவலைப்பட வேணாம்."

"யாரு சார் குடுப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. அன்புச்செல்வனும் கொஞ்சம் சிரித்துவிட்டு, "கேள்வி எழுதனவங்கதான்" என்று சொல்லிப் பலகைப் பக்கம் திரும்பினார். சுபஸ்ரீ உட்கார்ந்தாள். பேனா நுனி நோட்டில் குத்திக் கிழித்துக்கொண்டு போனது.

பக்கத்தில் அருள். கல்வராயன் மலைக்காரன், கடைசி பஸ்ஸுக்காக ஏழரைக்கே எழுந்து ஓடுபவன். "உங்க வூட்டுப் பஞ்சாயத்தா?" என்று மெல்லக் கேட்டான். அவள் சொல்லி முடிக்கும்வரை பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டான்.

"எங்க வூட்ல சாமை பங்கு வச்சா, வச்சவன் கடைசியாத்தான் எடுக்கணும். அப்ப அவனுக்குத் தானா கை நடுங்கும். ஒரு படி கூடக் கொறைய வக்க மாட்டான்."

"எங்க அத்தைய முதல்ல எடுக்கச் சொன்னாலும் கடைமடையத்தான் எடுப்பாங்க."

"அப்ப அவங்கள எடுக்கச் சொல்லாத."

"மதிப்பும் கேக்கக் கூடாது, எடுக்கவும் சொல்லக் கூடாது. அப்பறம் எப்பிடிடா பிரிக்கறது?"

"அதச் சொன்னா எனக்குப் பஸ்ஸு போயிடும்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அவள் தன் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தாள். புதன்கிழமை கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே யோசித்தாள். வெட்டுபவனுக்குக் கை நடுங்க வேண்டும். அத்தைக்கு வாய் திறக்கும் வேலையே இருக்கக் கூடாது. சீட்டு. எந்தத் துண்டு யாருக்கு என்பதைச் சீட்டு சொன்னால் போதும். ஆனால் தலைமடையைக் கையில் வைத்திருக்கும் பெரியப்பா சீட்டுக்கு ஏன் வரப்போகிறார்? நோட்டின் மூன்றாவது பத்தியில் வழக்கம்போல் முதலில் 'எனக்குப் புரியாமல் போயிருக்கலாம்' என்றுதான் எழுதினாள். எழுதியதை அடித்தாள். பையிலிருந்து மூன்று சார்ட்டையும் எடுத்து மேசைமேல் விரித்தாள். பெரியப்பாவின் பத்துப் பத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசி நாலு பத்தின் மேல் விரலை வைத்தாள். வாடிக்கையாளர் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பதுகூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை நிலத்தை அளக்கத் தமிழழகன் வந்தார். டேப்பும் முளைக்குச்சிகளுமாகத் தலைமடையில் நின்றவரிடம் பெரியப்பா, "இங்கேர்ந்து நாலு கட்டம் எனுது. குச்சிய நல்லா ஆழமா அடி" என்றார்.

"அடிக்காதீங்கண்ணே" என்றாள் சுபஸ்ரீ.

கடைக்குப் போகாமல் வந்திருந்தாள். அப்பா முகத்தைச் சுளித்தார். அத்தை பின்னால் நின்று, 'வேண்டாம்' என்று கையை ஆட்டினாள். சுபஸ்ரீ சார்ட்டுகளை வரப்பில் விரித்து, பறக்காமல் நாலு மூலையிலும் மண்கட்டி வைத்தாள்.

"பெரியப்பா, இது உங்க சார்ட்டு. கையெழுத்து உங்களுதுதான?"

"ஆமாம்மா. இன்னா இப்ப?"

"தலைமடை நாலு கட்டத்துக்கும் சேத்து நாப்பது வச்சிருக்கீங்க. கடைமடை நாலுக்கும் அதே நாப்பது. உங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"ஆமா. அதத்தான் நானும் சொன்னேன்."

"அப்ப கடைமடைய எடுத்துக்குங்க."

தமிழழகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்பைச் சுருட்டினார். பெரியப்பாவின் முகம் மாறியது. "இன்னா பேசற நீ? மிசினு எனக்குத் தலைமடைன்னுச்சி."

"மிசினு நான் எழுதுனது. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க." அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்பா, உங்க சார்ட்டுல கடைசி நாலுக்கும் சேத்து நாப்பத்தெட்டு. இப்ப கிணத்தோட எடுத்திருக்கறது நாப்பது. கடைமடைய எடுத்தா உங்களுக்கு எட்டு ஜாஸ்தி. எடுத்துக்கறீங்களா?"

"அது மீந்த கொட்டை. சும்மா பேச்சுக்கு வச்சது" என்றார் தங்கதுரை.

"நானுந்தான் பேச்சுக்கு வச்சேன்" என்றார் வீரமுத்து. "அதப்போய்ப் புடிச்சிக்கினு."

"அத்தையும் பேச்சுக்குத்தான் வச்சாங்க." குரல் உயர்ந்துவிட்டது, அவள் இறக்கவில்லை. "உங்க பேச்சு பேச்சோட போச்சி. அத்தை பேச்சு மட்டும் நாளைக்குப் பத்திரத்துல ஏறுமா? அவங்க இப்பிடித்தான் வைப்பாங்கன்னு தெரிஞ்சிதான எங்கிட்ட வந்தீங்க? எம் படிப்ப மெச்சினீங்களே, இதுக்குத்தான?"

"தம்பி, உம் பொண்ணு வாய் நீளுது."

தங்கதுரை மகளை அடக்கவில்லை. குனிந்து தன் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஒண்ணுதான்னா சீட்டு போடலாம்" என்றாள் சுபஸ்ரீ. "மூணு சீட்டு. எது வருதோ அது. ஒண்ணு இல்லன்னா, இல்லன்னு தமிழழகண்ணன் எதிர்லயே சொல்லிடுங்க."

"சீக்கிரம் ஒண்ணு சொல்லுங்கப்பா" என்றார் தமிழழகன். "சங்கராபுரத்துல இன்னொரு அளவு இருக்குது. அண்ணே, நீ ஊரெல்லாம் எனக்கு எல்லாம் ஒண்ணுதான்னுதான சொல்லிக்கினு இருந்த? டீக்கடையில கூட சொன்னியே."

வீரமுத்து வாய்க்காலைப் பார்த்தார். கடைமடைப் பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். டீக்கடையில் இந்தக் கதை இன்றைக்குச் சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"போடுங்க சீட்டு. எனக்கு இன்னா பயமா?" என்றார். நாலடி நடந்தவர் நின்றார். "ஆனா ஒண்ணு. இப்பிடியே போடக் கூடாது. கடைமடை யாருக்கு வுழுதோ அவன் பாவம், மண்ணையா தின்னுவான்? கிணறு மூணு பேருக்கும் பொதுன்னு பத்திரத்துல எழுதணும். வாரத்துல ரெண்டு நாளு மோட்டாரு கடைமடைக்கு. பைப்பு போடறதுக்கு நடுப்பங்குல வழி வுடணும்."

"ஞாயித்துக்கிழமை இது தோணலியாண்ணே?" என்றார் தமிழழகன்.

"நீ சும்மா இரு." அவரே முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். தலைமடைக்கு மூன்று கட்டம் போதும் என்றார். கிணற்றோடு நடுவில் நாலு. கடைமடைக்கு எட்டாவது கட்டத்திலிருந்து ஐந்து. எட்டாவது உப்பில்லாத மண். ஒவ்வொரு குச்சியையும் அடிப்பதற்கு முன் கடைமடைப் பக்கம் போய் நின்று, அங்கிருந்து இங்கே பார்த்துவிட்டு வந்து அடித்தார். அப்பா ஒரு கட்டத்துக்கு மட்டும் முனகினார். பிறகு அவரும் கடைமடையில் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து முனகவில்லை.

சுபஸ்ரீ அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. எட்டாவது கட்டத்தின் அருமை இவர்களுக்கு இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தன் தலையில் விழும் என்று வந்த பிறகுதான் கால் அங்கே போகிறது.

நோட்டின் கடைசித் தாளைக் கிழித்துத் தமிழழகன் மூன்று சீட்டு எழுதி, மடித்து, துண்டில் போட்டுக் குலுக்கினார்.

"தங்கச்சி முதல்ல எடுக்கட்டும்" என்றார்.

"அண்ணனுங்க எடுக்கட்டும்" என்றாள் அத்தை. "மீதி எனக்கு."

"அத்தே, எடு" என்றாள் சுபஸ்ரீ. அவளுக்கே தெரியாமல் அது அதட்டலாக வந்தது. "இதுல ஆசைப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. வெறும் சீட்டு. எடு."

ஆயம்மாள் அவளை முறைத்துவிட்டு, துண்டுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தாள். தமிழழகன் பிரித்தார்.

கடைமடை.

அடுத்ததைப் பெரியப்பா எடுத்தார். தலைமடை. அப்பாவுக்குக் கிணறு இருக்கும் நடுப்பங்கு.

வீரமுத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தியா? மிசினு சொன்னதயேதான் சீட்டும் சொல்லுது. இதுக்கா காலங்காத்தால இந்த ஆட்டம் ஆடுன?" ஆனால் மூன்றாவது கட்டத்தின் ஓரத்தில் தானே அடித்த குச்சியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. நாலாவது கட்டம் இப்போது அவருடையதில்லை. அந்தக் குச்சியைப் பிடுங்கி நகர்த்த முடியாத அளவுக்கு ஆழமாக அடித்திருந்தார்.

சுபஸ்ரீ சார்ட்டுகளைச் சுருட்டினாள். அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றார். அவளை ஏறச் சொல்லவில்லை, போகவும் இல்லை. அவள் அத்தையிடம் ஏதாவது சொல்ல நினைத்தாள். என்ன சொன்னாலும் தப்பாகத்தான் வரும் என்று தோன்றியது. சீட்டிலும் கடைமடையே வாங்கிக் கொடுத்துவிட்டு என்ன சொல்வது?

அத்தை அவள் பக்கம் திரும்பவே இல்லை. எட்டாவது கட்டத்தின் குச்சி வரைக்கும் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். குனிந்து ஒரு பிடி எடுத்து உருட்டினாள். அங்கிருந்து கிணறு எவ்வளவு தூரம் என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பிறகு வரப்பு வழியாக நடந்து வந்து அப்பாவின் வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"சின்னண்ணே, பைப்பு வாய்க்கா ஓரமா வரட்டும். நடுவால வந்தா உம் மாடு மிதிச்சிடும்."

"சரி, பாக்கலாம்" என்றார் தங்கதுரை.

"பாக்கறது இல்ல. செவ்வாயும் வெள்ளியும் மோட்டாரு எனுது. வெள்ளிக்கெழமதான் சந்தைக்குக் காய் பறிப்பேன், பறிச்ச கையோட செடிக்குத் தண்ணி வுடணும், வேற நாளு எனக்கு ஆவாது. கெழமையப் போட்டு எழுதணும் பத்திரத்துல."

பெரியப்பா அங்கிருந்து, "கெழமை எல்லாம் எதுக்கு ஆயி, அண்ணன் தம்பிக்குள்ள?" என்றார்.

"எழுதிடு" என்றாள் அத்தை, அவர் பக்கம் திரும்பாமலே.